வாசற்கதவும் ஷட்டரும்: குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

வீட்டுக்குக் காவலாக இருக்கவேண்டிய கதவே குழந்தையின் மேல் சாய்ந்தது என்றும், இறங்கிய ஷட்டரில் ஒருவரின் கை சிக்கியது என்றும் தமிழ்நாட்டு நாளிதழ்களில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. இத்தகைய விபத்து ஒரு நொடியில் நேர்ந்துவிடுகிறது. ஆனால் அதற்கான அறிகுறிகள் பெரும்பாலும் பல நாள்களுக்கு முன்னரே கதவில் தோன்றியிருக்கும். உராயும் ஓசை, ஒரு பக்கமாகச் சாய்ந்த ஓட்டம், வழக்கத்துக்கு மாறான கனம் ஆகியன அவற்றுள் சில. அவற்றை அடையாளம் கண்டு உரிய காலத்தில் சீர்செய்வதற்கு இக்கட்டுரை துணைசெய்யும்.

தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் முதலிய ஊர்களில் கீழே ஷட்டர் போட்ட அறையும் மேலே குடியிருப்புமாக அமைந்த வீடுகள் பல உண்டு. அந்த அறையே கார் நிறுத்துமிடமாகவும், ஏலக்காய் மூட்டைகளும் திராட்சைப் பெட்டிகளும் வைக்கும் கிடங்காகவும், குழந்தைகள் விளையாடும் இடமாகவும் பயன்படுகிறது. புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் தண்டவாளத்தின் மேல் ஓடும் இரும்புக் கதவு பரவலாகிவிட்டது. ஷட்டரையும் இக்கதவையும் இயக்க மோட்டார் பொருத்துவோரும் பெருகி வருகின்றனர்.

இரும்பின் எடை

பன்னிரண்டு அடி அகலமும் ஐந்தடி உயரமும் கொண்ட ஒரு கதவை எண்ணிப் பாருங்கள். 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகட்டால் அதை மூடினால், தகட்டின் எடை மட்டுமே சுமார் 70 கிலோ. சட்டமும் சக்கரங்களும் சேரும்போது மொத்த எடை 100 கிலோவைத் தாண்டிவிடும். ஐந்து வயதுக் குழந்தையின் எடையோ ஏறக்குறைய 18 கிலோதான். மார்பின் மீது பெரும்பாரம் அழுந்தும்போது விலா எலும்புகள் விரிய இயலாது. ஆகவே காற்று உள்ளே செல்லாது. வெளிக்காயம் சிறிதும் தெரியாதபோதிலும், மூச்சு நின்ற நான்கைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும்.

ஓடும் கதவு ஏன் சாய்கிறது?

இவ்வகைக் கதவை நிமிர்ந்து நிற்கச் செய்வன இரண்டு. ஒன்று, தூணில் பொருத்தப்பட்டு, கதவின் மேல்விளிம்பை இருபுறமும் பற்றி நிற்கும் உருளைகள். மற்றொன்று, கதவு எல்லை கடந்து ஓடாதவாறு தடுக்கும் ஸ்டாப்பர். ஸ்டாப்பர் உடைந்திருந்தால், விசையுடன் தள்ளப்பட்ட கதவு மேல் உருளைகளை விட்டு வெளியேறும். அதன் பின் அதைத் தாங்குவது எதுவுமில்லை. தள்ளியவர் மீதே அது சாயும்.

ஆகவே கதவை முழுதும் திறந்த நிலையிலும் முழுதும் மூடிய நிலையிலும் பெரியவர் இருவர் சேர்ந்து சோதித்தல் வேண்டும். இரு முனைகளிலும் ஸ்டாப்பர் உறுதியாக உள்ளதா? மேல் உருளைகளின் போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா? அவற்றைத் தாங்கும் தூண் ஆடுகிறதா? மண்ணோடு சேரும் இடத்தில் இரும்பு துருப்பிடித்து மெலிந்துள்ளதா? தண்டவாளத்தில் கல்லோ மண்ணோ அடைத்துள்ளதா? இவற்றில் ஒன்று பழுதாயிருப்பினும், சீர்செய்யும் வரை கதவை அசையாதவாறு சங்கிலியால் தூணோடு பிணைத்துவிட வேண்டும். உடைந்த ஸ்டாப்பரை மீண்டும் பற்றவைப்பது வெல்டிங் பட்டறைக்குச் சிறிய வேலையே.

ஷட்டரும் அதன் ஸ்பிரிங்கும்

கையால் ஏற்றி இறக்கும் ஷட்டரின் எடையை உண்மையில் சுமப்பது, மேலே உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங். ஷட்டரை இறக்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. ஏற்றும்போது அம்முறுக்கு நமக்குத் துணைசெய்கிறது. நேற்று வரை எளிதாக ஏறிய ஷட்டர் இன்று கனத்தால், அல்லது விட்டவுடன் வேகமாக இறங்கினால், ஸ்பிரிங் தளர்ந்ததாகவோ உடைந்ததாகவோ கருத வேண்டும். அதை ஒரு கட்டையால் முட்டுக்கொடுத்து அடியில் நடமாடுதல் பேராபத்து. முறுக்கேறிய ஸ்பிரிங் பெருவிசை உடையது. அதனை வீட்டிலுள்ளோர் கழற்ற முற்படலாகாது. அப்பணி தேர்ந்த ஷட்டர் மெக்கானிக்குக்கு உரியது.

மோட்டார் பொருத்திய கதவுகள்

இவ்விடயத்தில் அமெரிக்க அனுபவம் நமக்குப் பாடமாகும். அங்கே கார் நிறுத்துமிடங்களின் தானியங்கிக் கதவுகளுக்கு அடியில் சிக்கி, 1982-க்குப் பிந்திய ஆண்டுகளில் சுமார் 60 குழந்தைகள் உயிரிழந்ததாக நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. அதன் விளைவாக, 1993 ஜனவரி 1 முதல் தயாரிக்கப்படும் வீட்டுக் கதவு மோட்டார்களில், குறுக்கே ஆள் இருப்பின் கதவைத் திரும்பச் செய்யும் கூடுதல் பாதுகாப்பு கட்டாயமாக்கப்பட்டது. இதற்கெனப் பொருத்தப்படும் சென்சார் கண் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படாமல் இருத்தல் வேண்டும். தவழும் குழந்தையும் படுத்திருப்பவரும் அதன் பார்வையில் பட வேண்டும் என்பதே காரணம்.

நம் ஊரில் மோட்டார் வாங்குவோர் இச்சென்சார் உண்டா எனக் கேட்டு வாங்குதல் நலம். உள்ளதெனில், மாதம் ஒரு முறை இரு சோதனைகள் செய்க. கதவு இறங்கும்போது ஓர் அட்டைப்பெட்டியைச் சென்சாருக்குக் குறுக்கே நீட்டுக. கதவு உடனே நின்று மேலேற வேண்டும். பிறகு, முட்டினால் திரும்பும் வசதியுள்ள கதவாயின், ஒன்றரை அங்குல உயரமுள்ள மரக்கட்டையை அடியில் வைத்து இறக்குக. கட்டையைத் தொட்டவுடன் கதவு திரும்ப வேண்டும். எக்காரணம் கொண்டும் கையையோ காலையோ வைத்துச் சோதிக்கலாகாது. சோதனையில் தவறிய மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்து, பழுது நீங்கும் வரை பயன்படுத்தாதீர்கள். தூசி படிந்த சென்சாரை உலர்ந்த துணியால் துடைத்தால் போதுமானது. அடிக்கடி நிற்கிறது என்பதற்காக அதன் இணைப்பைத் துண்டித்துவிடுதல் கூடாது.

சென்சார் இல்லாத ஷட்டராயின், பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டுமே ஓடும் முறையில் அதை அமைக்கச் சொல்லுங்கள். கதவு கண்ணில் படாத இடத்திலிருந்து ரிமோட்டை அழுத்தாதீர்கள். ரிமோட்டும் சுவர்ப் பொத்தானும் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். மின்வெட்டின்போது மோட்டாரை விடுவிக்கும் கயிற்றை, ஷட்டர் முழுதும் மூடிய நிலையிலேயே இழுக்க வேண்டும். பாதியில் நிற்கும் ஷட்டரை விடுவித்தால் அது சரிந்து விழக்கூடும்.

காற்றும் மழையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் வழியே தென்மேற்குப் பருவக்காற்று இப்பகுதியில் வலுவாக வீசுகிறது. ஆண்டிபட்டி, கண்டமனூர் வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்பதும் அக்காற்றை நம்பியே. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். கொக்கியிடாத இரட்டைக் கதவு எம்மாத்திரம்? கீல் பக்கத்து இடுக்கில் வைத்த பிஞ்சுவிரலை அது நொடியில் நசுக்கிவிடும். எனவே வைகாசி முடிவில் ஒரு முறையும், ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் துருவைக் கருதி மறுமுறையும் முழுச்சோதனை செய்க. கோடை விடுமுறையிலும் வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவின்போதும் உறவினர் குழந்தைகள் வீடு நிறைய வருவர். அவர்கள் வருமுன் ஒரு முறை பார்த்துவிடுதல் இன்னும் நன்று. கதவில் தொங்குதல், அதன் மேல் ஏறி நின்று ஓட்டுதல், இறங்கும் ஷட்டருக்கு அடியில் குனிந்து ஓடுதல் ஆகியவை கூடா எனக் குழந்தைகளுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

விபத்து நேர்ந்தால்

முதலில் மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்துங்கள். அக்கம்பக்கத்தாரை உரக்க அழைத்து, பலர் சேர்ந்து கதவைத் தூக்குங்கள். அதே வேளையில் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். கழுத்தையோ முதுகையோ வளைக்காமல், அடிபட்டவரை இருந்த நிலையிலேயே வையுங்கள். மூச்சு இல்லையெனில், பயிற்சி பெற்றவர் உடனே மார்பழுத்தமும் செயற்கைச் சுவாசமும் தொடங்க வேண்டும். இரத்தம் பெருகும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். உண்ணவோ பருகவோ எதுவும் கொடுக்காதீர்கள்.

விரல் துண்டாகியிருப்பின், அத்துண்டை ஈரமான தூய துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து நோயாளியுடனேயே கொண்டுவாருங்கள். பனிக்கட்டி நேரடியாக விரலில் படலாகாது. காயத்தில் மஞ்சளோ காப்பித்தூளோ இடாதீர்கள்.

மார்பிலோ வயிற்றிலோ கதவு அழுந்திய குழந்தை, எழுந்து நடந்து விளையாடினாலும் மருத்துவரிடம் காட்டப்பட வேண்டும். உள்ளுறுப்புக் காயங்கள் சில மணி நேரம் கழித்தே வெளிப்படலாம். கூடலூர், லோயர்கேம்ப் பகுதிகளிலிருந்து க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைய ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஆகவே காத்திராமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் முதற்சிகிச்சை பெறுதலே முறை.

வாடகை வீட்டில் இருப்போர், பழுதை வீட்டு உரிமையாளரிடம் இன்றே தெரிவியுங்கள். அவர் சீர்செய்யும் வரை கதவைச் சங்கிலியால் பிணைத்து வையுங்கள்.