மணமற்ற நஞ்சு

ஐப்பசி மாதத்தில் அம்பூரியில் துவைத்த துணி மூன்று நாளானாலும் உலராது. மலையடிவாரம், சுற்றிலும் ரப்பர்த் தோட்டம், வெயில் தலைகாட்டினாலும் தரைக்கு வந்து சேர்வதில்லை. சென்ற ஆண்டு அங்கே நண்பனொருவன் வீட்டில் தங்கியிருந்தபோது, அவனுடைய பாட்டியார் ஈரத்துணிகளுக்கு ஒரு வழி செய்தார். அடுப்பிலிருந்து ரப்பர் விறகுக் கங்குகளை மண்சட்டியில் அள்ளிவந்து, நாங்கள் படுக்கும் அறையில் கொடியின் கீழே வைத்தார். சாரல் அடிக்குமென்று சன்னலையும் சாத்தினார். "வேண்டாம் பாட்டி" என்றேன். "புகையே இல்லியே மக்களே, பின்ன என்ன?" என்றார்.

பாட்டியாரின் கேள்வி நியாயமானது. நம்மிற் பலரும், இரசாயனம் படித்தவர் உட்பட, புகையைக் கண்டுதான் அஞ்சுகிறோம். புகை கண்ணைக் கரிக்கும், இருமச் செய்யும், நாமே எழுந்து ஓடிவிடுவோம். ஆனால், கங்கிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. உறங்குகிறவனை அது எழுப்பாது.

இது எவ்வாறு உண்டாகிறது? கரிப்பொருள் எதுவாயினும் போதிய காற்றோடு எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் கிடைக்கும். காற்றுப் போதாவிட்டால் எரிதல் பாதியில் நின்று கார்பன் மோனாக்சைடு பிறக்கும். சமையல் வாயுவையே எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள புரோப்பேன் ஒரு லிட்டர் முழுமையாக எரிய ஐந்து லிட்டர் ஆக்ஸிஜன் வேண்டும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கே ஆக்ஸிஜன் ஆதலால், ஏறத்தாழ 24 லிட்டர் காற்று வேண்டும் என்றாகிறது. பூட்டிய சிறு அறைக்குள் வாயு அடுப்போ கணப்போ எரியுமானால், நேரம் செல்லச்செல்ல இந்தக் கணக்கு நமக்கு எதிராகத் திரும்பும். கங்குச் சட்டியோ தொடக்கமுதலே அரைகுறையாகத்தான் எரிகிறது.

இனி உடலுக்குள் நடப்பதைக் காண்போம். மூச்சில் வரும் ஆக்ஸிஜனை உடலெங்கும் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அதனிடம் கார்பன் மோனாக்சைடு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்கிறது. பேருந்தின் இருக்கைகளில் இறங்க மனமில்லாத ஒருவர் ஏறி அமர்ந்துகொண்டால் மற்றவர் கதி என்னவோ, அதே கதிதான் ஆக்ஸிஜனுக்கு. காற்றில் மிகச் சிறிதளவே கலந்திருந்தாலும் மணிக்கணக்கில் சுவாசித்தால் இருக்கைகள் நிரம்பிவிடும். முதலில் மூளையும் இதயமும் தவிக்கும்.

2020 சனவரியில் நேபாளத்தின் தாமன் என்னும் குளிர் மலையூரில் நடந்ததை நாம் மறப்பதற்கில்லை. உல்லாசப் பயணம் சென்றிருந்த பதினைந்து பேரில் எட்டுப் பேர் ஓர் அறையில் வாயுக் கணப்பை மூட்டி, குளிருக்காகக் கதவு சன்னல்களைத் தாழிட்டு உறங்கினர். மறுநாள் காலை எவரும் எழவில்லை. இறந்தவர்கள் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்; ஒன்று திருவனந்தபுரத்தைச் சேர்ந்தது, மற்றது கோழிக்கோட்டைச் சேர்ந்தது. எண்மரில் நால்வர் குழந்தைகள். ஏறத்தாழ ஐந்தாண்டு கழித்து, 2024 டிசம்பரில், வடகரையில் சாலையோரம் நின்ற உல்லாச வண்டி ஒன்றில் உறங்கிய இருவர் இறந்துகிடந்தனர். வண்டியோடு இருந்த மின்னாக்கியின் கழிவாயு தளத்திலிருந்த துளை வழியே உள்ளே புகுந்ததென்று கோழிக்கோட்டுத் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தார் சோதித்துக் கண்டறிந்தனர்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சிலிண்டரிலிருந்து கசியும் வாயு வேறு, கார்பன் மோனாக்சைடு வேறு. சமையல் வாயுவில் இந்த நஞ்சு கிடையாது; அதன் ஆபத்துத் தீயும் வெடிப்புமே. இயல்பில் அதற்கும் மணமில்லை. நாம் அறிந்துகொள்ளட்டும் என்றே எதில் மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளைச் சேர்க்கிறார்கள். காற்றைவிடக் கனமானதால் தரையோரம் தேங்கும். மணம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, மின்விசைகளைத் தொடாது வெளியேறி, 1906 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். கசிவைத் தேடத் தீக்குச்சி உரசும் வீரர் இன்றும் உளர்! சோப்பு நீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்குள் மாற்றிவிட வேண்டும்.

ஆனால், கசிவில்லாத அடுப்பும் நஞ்சு கக்கலாம். அதைக் காட்டுவது சுடரின் நிறம். நீலமாக நின்று எரிந்தால் நலம். மஞ்சளாக அலைந்து, பாத்திரத்தின் அடியில் கரி படிந்தால், பால் பொங்கி வழிந்து பர்னரின் துளைகள் அடைபட்டிருக்கலாம். சுத்தம் செய்தும் சரிப்படாவிட்டால் பணியாளரை அழைக்க வேண்டும். குளியலறைக்குள் பொருத்திய வாயுக் கெய்சர் இன்னும் கொடியது: சிறிய அறை, தாழிட்ட கதவு, பெரிய சுடர். அதை வெளிச்சுவரில் மாட்டி, வெந்நீரைமட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டுவருவதே முறை.

மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்லும் நண்பர்கள் ஒன்று கவனிக்க. அங்கே வாடகை வீட்டுக்காரர் 12 மாதத்துக்கொருமுறை பதிவுபெற்ற பொறியாளரைக் கொண்டு வாயுக் கருவிகளைச் சோதித்து, சான்றின் படியைக் குடியிருப்போரிடம் தரவேண்டுமென்பது சட்டம். கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். நஞ்சு மிகுந்தால் அலறும் சிறு கருவியும் கிடைக்கும். அதன் மின்கலத்தைக் கழற்றிக் கடிகாரத்தில் போடாதீர்கள்.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல், சோர்வு. இவற்றைக் காய்ச்சலென்றோ உணவு ஒவ்வாமை என்றோ எண்ணி, போர்த்திக்கொண்டு அதே அறையில் படுப்பதுதான் பெரும்பிழை. வீட்டிலுள்ள பலருக்கும் ஒருசேர வருகிறதா, வெளியே போனால் குறைகிறதா என்று பாருங்கள். கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல்மாட்டிக் கருவி இங்கே ஏமாற்றும். நஞ்சேறிய இரத்தத்தையும் ஆக்ஸிஜன் ஏறியதாகக் கணக்கிட்டு நல்ல எண்ணையே காட்டும். நோயாளியை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழைக்க வேண்டும். வெறுங்காற்றில் நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் செல்லும்; மருத்துவமனையில் தூய ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்றரை மணிக்குள் அது நடக்கும்.

பாட்டியாரிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. தாமன் செய்தியைமட்டும் சொன்னேன், அவருக்கும் நினைவிருந்தது. சற்றுநேரம் பேசாமலிருந்துவிட்டுச் சட்டியைத் தாமே தூக்கித் திண்ணையில் வைத்தார். மறுநாள் ஈரச்சட்டையோடுதான் பேருந்து ஏறினேன்.