பழைய கம்ப்யூட்டருக்குப் புது டிஸ்க்: கணக்கு கலையாமல் மாற்றுவது எப்படி?

காந்தி சாலையிலும் அதன் குறுக்குத் தெருக்களிலும் உள்ள நம் பட்டுக் கடைகள் பலவற்றில், பத்து வருடத்துக்கு மேல் உழைத்த கம்ப்யூட்டர்தான் இன்னும் பில் போட்டுக்கொண்டிருக்கிறது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுச் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி முடித்தாலும் திரை தயாராவதில்லை. வேகக் குறைவை நாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே நிமிடத்துக்கு 7200 அல்லது 5400 சுற்று சுழலும் ஹார்டு டிஸ்க் என்றைக்கு நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த நெசவாளரிடம் எத்தனை மார்க் சரிகை போயிருக்கிறது, எந்த வெளியூர் வியாபாரி எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அந்தத் தட்டில்தான் இருக்கிறது.

வன்பொருளில் மற்றவை நன்றாக இருந்தால், புதுக் கம்ப்யூட்டர் வாங்காமல் டிஸ்க்கை மட்டும் மாற்றலாம். சுழலும் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால், அதே பழைய கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்துக்குள் எழுந்து நிற்பதைப் பார்க்கலாம்.

இதற்கு இரண்டு வழி. தறியில் பாவு தீர்ந்ததும் நாம் என்ன செய்கிறோம்? விழுதிலும் அச்சிலும் முதலிலிருந்து இழை கோக்காமல், பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்துவிடுகிறோம். டிஸ்க்கை அப்படியே நகல் எடுப்பது, அதாவது 'குளோன்' செய்வது, இந்தப் பிணைப்பு வேலை. விண்டோஸ், டேலி, பிரிண்டர் அமைப்பு எல்லாம் இருந்தபடியே வந்துவிடும். எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுவது இன்னொரு வழி. மூல சி.டி.யும் லைசென்ஸ் எண்ணும் கையில் இருந்தால் அதுவே சுத்தமான வேலை. ஜக்கார்டு அட்டைக்கு டிசைன் போடும் பழைய எக்ஸ்.பி. கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் சி.டி. இருக்காது. அவற்றுக்குக் குளோன் ஒன்றே வழி.

முதல் வேலை குளோன் அல்ல, கணக்கைத் தனியாகப் பிரதி எடுப்பது. டேலி பேக்கப்பை இரண்டு பென் டிரைவில் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, நிலுவைப் பட்டியல் சரியாக வருகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நாம் பேக்கப் என்றே எண்ணுவதில்லை. டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால், செக்டிஸ்க் போன்ற பழுதுபார்க்கும் கட்டளைகளை ஓட்டாதீர்கள். சாகப்போகிற டிஸ்க்கை அது மேலும் உலுக்கும். கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு நிறுத்திவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வாங்கும்போது ஒரு பொறி உண்டு. பழையது 500 ஜி.பி. என்றால், அதில் 80 ஜி.பி.தான் நிரம்பியிருந்தாலும், 480 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யைக் குளோனிசில்லா போன்ற இலவச நகல் நிரல்கள் சாதாரண முறையில் ஏற்காது. இலக்கு டிஸ்க் மூலத்துக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். 512 ஜி.பி. வாங்கினால் தொல்லை இல்லை. அகலமான பட்டை ஒயர் மாட்டிய மிகப் பழைய கம்ப்யூட்டர் என்றால் இன்றைய டிஸ்க் நேரடியாகப் பொருந்தாது; இடையில் அடாப்டர் தேவைப்படும்.

நாளும் பார்க்க வேண்டும். ராகு காலம் இருக்கட்டும். மாதம் ஒருமுறை ரிட்டர்ன் போடுகிறவர்கள் 11-ஆம் தேதியையும் 20-ஆம் தேதியையும் ஒட்டி இதில் இறங்கவே கூடாது. முகூர்த்த நெரிசலிலும் வேண்டாம். யு.பி.எஸ். இல்லாமல் தொடங்க வேண்டாம். விண்டோஸ் 8, 10 உள்ளவர்கள் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு 'ஷட் டவுன்' கொடுங்கள். இல்லையேல் அது பாதித் தூக்கத்தில் இருக்கும், நகல் நிரல் மறுக்கும்.

உயிர்நிலையான இடம் ஒன்றுதான். நிரல் 'மூலம் எது, இலக்கு எது' என்று கேட்கும். மாற்றிச் சொன்னால் காலி டிஸ்க்கின் நகல் கணக்கு டிஸ்க்கின் மேல் ஏறிவிடும். அளவை வைத்து ஊகிக்காதீர்கள். இரண்டு டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள மாடல் பெயரையும் தொடர் எண்ணையும் முன்பே காகிதத்தில் எழுதி வைத்து ஒப்பிடுங்கள். சர்வீஸ் பையன் செய்தாலும் முதலாளி பக்கத்தில் நின்று படிக்க வேண்டியது இது.

நகல் முடிந்ததும் பழைய டிஸ்க்கின் ஒயரைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் வைத்து ஓட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாளம் இருப்பதால், சேர்ந்திருந்தால் விண்டோஸ் குழம்பி ஒன்றை முடக்கிவைக்கும். பயாஸில் டிஸ்க் முறையை மாற்ற வேண்டாம்; மாற்றினால் நீலத்திரை வரக்கூடும். ஓடியதும் கடைசி பில் எண், கையிருப்புச் சேலை, நெசவாளர் பாக்கி ஆகியவற்றை முந்தின நாள் அச்சிட்ட தாளோடு ஒப்பிடுங்கள். ஒரு பில் அச்சிடுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கணக்கு மென்பொருள் லைசென்ஸை மறுபடி கேட்கலாம். அதன் எண்ணையும் பாஸ்வேர்டையும் முன்பே எடுத்து வைப்பது நல்லது.

டிஸ்க் புதிதானாலும் விண்டோஸ் பழையதுதான். எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. டிசைன் கம்ப்யூட்டரை இன்டர்நெட் இல்லாமல் ஓட்டுங்கள். வங்கி வேலையையும் ஜி.எஸ்.டி. வேலையையும் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கழற்றிய டிஸ்க்கை உடனே அழிக்க வேண்டாம். தேதி எழுதிய உறையில் போட்டு, ஒரு வருடக் கணக்கு முடியும்வரையாவது பீரோவில் வையுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்னுக்குரிய கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு கையில் இருக்க வேண்டும். பிறகு தூக்கிப்போட நினைத்தால், பழைய இரும்புக்காரரிடம் முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே வாடிக்கையாளர் பெயரும் போன் எண்ணும் இருக்கிறது. டிரில் மெஷினால் தட்டின் ஊடாக இரண்டு மூன்று ஓட்டை போட்ட பிறகு கொடுங்கள்.