நோயாளியை எப்போது எழுப்பி உட்கார வைப்பது?

ஒரு சிகிச்சை பலன் தருமா என்று பொதுப்படக் கேட்பது எளிது. யாருக்கு, எந்த அளவில், எதைவிட, எந்த வகையில் என்று வரையறுக்காத கேள்விக்கு எந்த ஆராய்ச்சியாலும் தெளிவான விடை தர இயலாது. சான்றுகளை அடிப்படையாகக் கொண்ட மருத்துவம் வேரூன்றத் தொடங்கிய காலத்தில், 1995-இல், ஸ்காட் ரிச்சர்ட்சனும் உடனாசிரியர்களும் எழுதிய கட்டுரை ஒன்று இதனைச் செம்மையாக எடுத்துரைத்தது. நோயாளி, சிகிச்சை, ஒப்பீடு, விளைவு என அவர்கள் வகுத்த உறுப்புகளே இன்று ‘பைகோ’ என்ற பெயரில் இயன்முறை மருத்துவ மாணவர்களுக்கும் கற்பிக்கப்படுகின்றன.

இவற்றின் அருமையை விளக்க, பக்கவாத நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ‘அவெர்ட்’ ஆய்வைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. படுத்தே கிடப்பவருக்கு நுரையீரல் தொற்றும், காலில் இரத்த உறைவும், தசைத் தளர்ச்சியும் வரக்கூடும் என்பதால், எவ்வளவு விரைவில் எழுப்பி நடக்க வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை வலுப்பெற்றிருந்தது. ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவ ஆய்வாளர் ஜூலி பெர்ன்ஹார்ட் தலைமையிலான குழு அந்த நம்பிக்கையைச் சோதிக்கத்தக்க கேள்வியாக மாற்றியது: பக்கவாதம் தாக்கி 24 மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்ந்தவர்களை, அந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி, அடிக்கடி உட்காரவும் நிற்கவும் நடக்கவும் பயிற்றினால், வழக்கமான பராமரிப்பு மட்டும் பெறுவோரைவிட அதிகமானோர் மூன்று மாத முடிவில் பிறர் உதவியின்றி வாழும் நிலையை அடைவார்களா?

ஐந்து நாடுகளில் 56 பக்கவாதப் பிரிவுகளைச் சேர்ந்த 2104 பேர் பங்கேற்ற இந்த ஆய்வின் முடிவு 2015-இல் வெளிவந்தபோது பலர் திகைத்தனர். தீவிரப் பயிற்சி பெற்றவர்களில் 46 விழுக்காட்டினரும், வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களில் 50 விழுக்காட்டினரும் அந்த நிலையை எட்டியிருந்தனர். வயதையும் நோயின் கடுமையையும் கணக்கில் கொண்டபோதும் தீவிரப் பயிற்சிக் குழுவே பின்தங்கியது.

நோயாளியைப் படுக்கையிலேயே விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருள் கொள்வது பெரும் பிழை. ஒப்பீட்டுக் குழுவில் 59 விழுக்காட்டினர் 24 மணி நேரத்துக்குள் எழுப்பப்பட்டிருந்தனர். முதன்முறை எழுப்பப்பட்ட நேரத்தின் இடைநிலை மதிப்பு, அதாவது குழுவினரைச் சரிபாதியாகப் பிரிக்கும் அளவு, தீவிரப் பயிற்சிக் குழுவில் ஏறத்தாழ 18½ மணி, ஒப்பீட்டுக் குழுவில் ஏறத்தாழ 22½ மணி. உண்மையான வேறுபாடு பயிற்சியின் அளவில்தான் இருந்தது: நாளொன்றுக்குத் தீவிரப் பயிற்சிக் குழுவினர் சுமார் 31 நிமிடமும் மற்றவர்கள் 10 நிமிடமும் பயின்றனர். எதனோடு ஒப்பிடப்பட்டது என்று பார்க்காமல் முடிவை மட்டும் படிக்கும் சிகிச்சையாளர் தவறான பாடத்தையே நோயாளியின் கட்டிலருகே கொண்டு செல்வார்.

விளைவைத் தேர்ந்ததிலும் அக்கறை தெரிகிறது. அறிகுறியே இல்லாத நிலைக்கு 0, மரணத்துக்கு 6 என வகுக்கப்பட்ட ராங்கின் அளவுகோலில் 0 முதல் 2 வரை பெற்றவரே தம் அன்றாடக் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்பவராகக் கருதப்பட்டார். அளவிட்டவர்களுக்கு யார் எந்தக் குழு என்பது தெரியாது. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் பொருட்படுவது இந்தத் தற்சார்பே; தசைவலிமையின் ஏதோ ஓர் எண் அன்று.

தரவுகளை மீண்டும் பகுத்தாய்ந்தபோது, சிறுசிறு நேரமாக, ஆனால் அடிக்கடி எழுப்பப்பட்டவர்கள் மேலான பலன் பெற்றிருந்தது தெரிந்தது. நோயாளிகளைக் குலுக்கல் போலச் சீரற்ற முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டுப் பெற்ற விடை இதுவன்று என்பதால், லேசான, மிதமான பக்கவாதத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்ற கேள்வியைத் தனியே வகுத்து, வெவ்வேறு பயிற்சி அளவுகளை ஒப்பிடும் அடுத்த ஆய்வை அக்குழுவினர் தொடங்கினர்.