படம் இல்லாத ராஜா

எண்பதுகளின் கடைசியில், மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு ரிக்கார்டிங் கடை இருந்தது. நோட்டுத் தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தால், 60 நிமிட டி.டி.கே. கேசட்டில் பதிந்து, அட்டையில் குண்டு குண்டாகப் பாட்டு முதலடியை எழுதி, மறுநாள் சாயங்காலம் தருவார் கடைக்கார அண்ணன். பட்டியலை வைத்தே ஆளை எடைபோட்டுவிடுவார். சோகப் பாட்டு அதிகம் இருந்தால், "என்ன தம்பி, ஊருக்குப் போயிட்டாங்களா?" என்று கேட்பார்.

அவரிடம் ஒருநாள் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' கேசட்டைக் கொடுத்து ஒரு பிரதி கேட்டேன். கடைச் சுவரில் இளையராஜா படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தவர் அவர். கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதை நான் வித்ததைவிட, திருப்பி வாங்கினதுதான் தம்பி ஜாஸ்தி. பாட்டு எங்கன்னு கேக்குறாய்ங்க. நான் எங்க போவேன் பாட்டுக்கு?"

ராஜாவா ரகுமானா என்ற சண்டையை நாம் முப்பது வருடமாகப் போட்டு வருகிறோம். எனக்கு அதில் சுவாரசியம் போய்விட்டது. யார் என்ன சொல்வார்கள் என்பது வாயைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. சுவாரசியமான சண்டை ஒரே கட்சிக்குள் நடப்பது. ராஜா ரசிகர்கள் பத்துப் பேரை உட்கார வைத்து 'ஜானி'யையோ 'சிந்து பைரவி'யையோ பேச்சுக்கு எடுங்கள். பத்துத் தலையும் ஒரே பக்கம் ஆடும். 'ஹவ் டு நேம் இட்' என்றோ 'திருவாசகம்' என்றோ சொல்லிப் பாருங்கள், டீ ஆறிப்போகும்.

ஆல்பம் என்ற சொல்லே நமக்குப் பிந்தி வந்ததுதான். நமக்கு இருந்தது 'படத்துப் பாட்டு'. அதுவும் பல கேசட்டுகளில் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேறொரு படம். இரண்டுக்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. ஆனாலும் ஒன்றைக் கேட்டு முடித்தால் அடுத்ததன் முதல் பாட்டு காதுக்குள் தானாக ஓடும். இப்படி வளர்ந்த காதுக்கு, முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேட்கச் சொல்லி, பாடகரும் இல்லாமல், கதாநாயகியும் இல்லாமல் ஒரு கேசட்டை நீட்டினால் எப்படி இருக்கும்?

1986-ல் 'ஹவ் டு நேம் இட்'டில் அதைத்தான் செய்தார் ராஜா. தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கை என்று சொல்லிப் பத்து உருப்படிகள். வயலின் வி.எஸ். நரசிம்மன். 'ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்' என்ற உருப்படியில் பாஹின் மூன்றாவது பார்ட்டிட்டாவின் முன்னுரை ஓட, அதோடு கூடவே நம்ம ஊர் நடை ஒன்று வந்து சேர்ந்துகொள்ளும். கச்சேரிக்குப் போகிற நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "ராகம் மூச்சு விட இடமே இல்லையேப்பா, நாலு பக்கமும் ஆள் நிக்கிது" என்றார். பியானோ கற்றுக்கொண்டிருந்த இன்னொருவருக்கு நேர்மாறான வருத்தம்: பாஹை அவர் பாட்டுக்கு விட்டிருக்கலாமே, எதற்கு இந்த உபசாரம்? சினிமாப் பாட்டு ரசிகனுக்கோ இருவர் பேசுவதும் புரியவில்லை. அவனுக்கு வேண்டியது ஒரு பல்லவி, இரண்டு சரணம்.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். பத்தில் எல்லாமே ஒரே தரம் என்று சாதிக்க மாட்டேன். 'ஸ்டடி ஃபார் வயலின்' பெயருக்கேற்றபடி வீட்டுப்பாடம் போலத்தான் எனக்குப் படுகிறது. ஆனால் பாஹ் வீட்டுக்கு வந்த கதையை இன்றைக்குக் கேட்டாலும் சிரிப்பு வருகிறது, நல்ல சிரிப்பு. பெரிய மனுஷர் ஒருவர் வீட்டுக்கு வந்தால் நாம் பரபரப்போமே, பாயை விரிப்பதா நாற்காலியை இழுப்பதா என்று, அந்தப் பரபரப்பு அதில் இருக்கிறது. இன்னொரு உருப்படிக்கு 'டோன்ட் கம்பேர்' என்று பெயர் வைத்திருந்தார். ரசிகர்கள் அதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கேசட்டைக் கேட்டுவிட்டு, "மாப்ள, ரெண்டு உருப்படி தாண்டுறதுக்குள்ள தூங்கிட்டேன்டா" என்று சொன்ன நண்பன், பாலுமகேந்திராவின் 'வீடு' படத்தைப் பார்த்துவிட்டு வந்து அரை மணி நேரம் அதன் பின்னணி இசையைப் பற்றியே பேசினான். 1988-ல் வந்த படம். பாட்டே கிடையாது. ஒரு பெண் கடன் வாங்கி ஒரு வீடு கட்டப் படும் பாடு, அர்ச்சனாவின் முகம், கூடவே அந்த வயலின். பாலுமகேந்திரா அதில் எடுத்துப் போட்டது 'ஹவ் டு நேம் இட்' இசையைத்தான். சொன்னதும் நண்பன் நம்பவில்லை. கேசட்டைப் போட்டுக் காட்டியபின், "அது அந்த வீட்டுக்குன்னே போட்ட மாதிரி இருந்துச்சுடா" என்றான். அதே வயலின், அதே சுரம். நடுவில் ஒரு வீடும் ஒரு தாத்தாவும் வந்ததும் தூக்கம் போய்விட்டது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. சினிமாப் பாட்டில் நமக்குப் பிடிக்காததைச் சுமத்த ஆள் நிறைய உண்டு. இயக்குநர் கேட்டிருப்பார், தயாரிப்பாளர் அவசரப்படுத்தியிருப்பார், பாடகருக்குத் தமிழ் வராது. 2012-ல் 'நீதானே என் பொன்வசந்தம்' வந்தபோது பார்த்தோமே! எட்டுப் பாட்டு, யுவன் பாடியது பொருந்தவில்லை என்று ஒரு கூட்டம், கௌதம் மேனனுக்கு ராஜாவிடம் வேலை வாங்கத் தெரியவில்லை என்று இன்னொரு கூட்டம். அடுத்த வருடம் 'கடல்' படம் கவிழ்ந்தபோது ரகுமான் ரசிகர்களும் இதே வழியில்தான் போனார்கள்: பாட்டு நன்றாகத்தான் இருந்தது, படம் காலை வாரிவிட்டது. நம்ம ஆள் மட்டும் எப்போதும் தப்பித்துவிடுவார். படம் இல்லாத இசைத்தட்டில் அந்த வசதி இல்லை. அங்கே நிற்பது அவர் ஒருவர்தான். பிடிக்கவில்லை என்றால் அவரைத்தான் பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். ரசிகனுக்கு அதற்கு நாக்கு எழாது. எழுந்தவனை மற்றவன் விடமாட்டான்.

1988-ல் வந்த 'நத்திங் பட் விண்ட்' அவ்வளவு கலவரம் செய்யவில்லை. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலில் எல்லோருக்கும் ஒதுங்க ஒரு நிழல் கிடைத்தது. கேசட்டைத் திருப்பித் தந்தவர்கள் குறைவு என்று கடைக்கார அண்ணனும் சாட்சி சொன்னார்.

உண்மையான பிளவு 2005-ல்தான். 'திருவாசகம்'. புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசிக்க, ராஜாவே பாட, பாதிரியார் ஜெகத் கஸ்பர் ராஜின் தமிழ் மையம் முன்னின்று கொண்டுவந்த படைப்பு. பாதிரியார் ஒருவர் மாணிக்கவாசகரைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்ற முணுமுணுப்பு முதலில் வந்தது. அதற்கு எங்கள் கூட்டத்தில் ஒருவர் ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவைத்தார்: "ஜி.யு. போப் 1900-லயே இங்கிலீஷ்ல கொண்டுவந்துட்டார்யா, அவர் மட்டும் என்ன குருக்களா?"

அடுத்த புகார் அவ்வளவு லேசில் முடியவில்லை. கோயிலில் ஓதுவார் மோகனத்தில் பாடக் கேட்டு வளர்ந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். திருவாசகம் என்றால் அவருக்கு மார்கழிக் குளிரும் ஒற்றைக் குரலும்தான். "அழுறவனுக்குப் பின்னாடி எதுக்குய்யா இத்தனை வயலின்?" என்றார். அவரை என்னால் மறுக்க முடியவில்லை. இன்னொருவருக்குப் பெயரில் சிக்கல். குரலும் கோரஸும் கூடிய இதை ஆரட்டோரியோ என்று சொல்ல வேண்டும், சிம்பொனி என்று அட்டையில் போட்டது தப்பு என்பார். சரியான பேச்சுதான். ஆனால் ஆரட்டோரியோ என்று போட்டிருந்தால் எங்கள் கடைக்கார அண்ணன் எந்த அலமாரியில் வைப்பார்?

பெரிய சண்டை இரண்டு இடத்தில். ஒன்று, நடுவே வரும் ஆங்கிலம். அதை எழுதிய ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் நல்ல பாடலாசிரியராகவே இருக்கட்டும். 'பொல்லா வினையேன்' உருகிக்கொண்டிருக்கும்போது ஆங்கிலக் குரல் புகுந்தால், பூசை நடுவில் யாரோ அறிவிப்பு வாசிப்பதுபோல் எனக்குத் தோன்றுகிறது. இளைய நண்பர்கள் ஒப்புக்கொள்வதில்லை. அந்த இடத்தில்தான் அவர்களுக்குப் பாட்டின் பொருளே தெரிந்ததாம். இரண்டாவது, ராஜாவின் குரல். உன்னிகிருஷ்ணன் மாதிரி பயின்ற குரல்கள் பக்கத்திலேயே இருக்கும்போது முக்கால்வாசியை அவரே ஏன் பாட வேண்டும்? இதில் நான் கட்சி மாற மாட்டேன். சுமார் இருபது நிமிடம் ஓடும் 'பொல்லா வினையேன்' உருப்படியில், மேல் ஸ்தாயிக்குப் போகும்போது அந்தக் குரல் சற்றுக் கிழியும். நாயினும் கீழானவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவனுக்கு வழவழப்பான தொண்டை எதற்கு?

ஓதுவார் வழி நண்பர் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "குரல் சரிதான். வயலினைத்தான் சொல்றேன்" என்றார். இருபது வருடமாகியும் அதற்குமேல் அவர் இறங்கி வரவில்லை.

இத்தனைக்கும் மேலாக ஒரு இசை உண்டு. 1993-ல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு, ஜான் ஸ்காட் நடத்த, ராஜா எழுதிய சிம்பொனியை வாசித்துப் பதிவு செய்தது. தமிழ்நாடே கொண்டாடியது. இசைத்தட்டு மட்டும் வெளிவரவில்லை. நாங்கள் அதைப் பற்றியும் சண்டை போட்டோம். ஒலி சரியாக வந்திருக்காது என்றான் ஒருவன். உலகமே மிரண்டுவிடும் என்று பயந்து அமுக்கிவிட்டார்கள் என்றான் இன்னொருவன். ஒரு சுரம்கூடக் காதில் விழாத ஒன்றுக்காக, எனக்குத் தெரிந்து இரண்டு பேர் ஒரு வருடம் பேசாமல் இருந்தார்கள்.

2025 மார்ச் 8-ம் தேதி லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில் 'வேலியன்ட்' அரங்கேறியது. 81 வயதில் புதிதாக எழுதிய சிம்பொனி. மறுநாள் காலை ஏழு மணிக்கே போன் அடித்தது, 'வீடு' நண்பன்தான். லண்டன் போயிருந்த யாரோ ஒருவரிடம் விசாரித்திருக்கிறான்.

"நல்லா இருந்துச்சாம் மாப்ள" என்றான். கொஞ்சம் இழுத்தான். "ஆனா 93-ல வாசிச்சது இதைவிட ஒரு படி மேலதான் இருந்திருக்கும். என்ன சொல்ற?"