நூலகர் காவற்காரரா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செல்லும் அன்பர்கள் ஆண்டாளைத் தரிசிக்காமல் திரும்புவதில்லை. அவ்வூரில் கலைமகளுக்கும் ஓர் ஆலயம் உண்டென்பதைப் பலர் அறியார். 1875-ம் வருஷத்தில் தோன்றிய பென்னிங்டன் நூல் நிலையமே அது. பெயர் என்னவோ திருநெல்வேலி ஜில்லா கலெக்டராயிருந்த வெள்ளைக்காரருடையது; ஆயினும் தலைமுறை தலைமுறையாக அதனைப் பேணி வந்தோர் நம்மவரே. சென்னையில் கன்னிமாரா நூல் நிலையம் 1896-ல் திறக்கப்படுவதற்கு 21 வருஷங்களுக்கு முன்னரே இவ்வூர் இக்கைங்கரியத்தைத் தொடங்கிவிட்டது.

ஆனால், நூல் நிலையம் வைக்கத் தர்மசிந்தையுள்ள கனவான்கள் தோன்றாத ஊர்களின் கதி யாது? இக்கேள்விக்கு விடை காணவே வாழ்நாளை அர்ப்பணித்தவர் ஸ்ரீ எஸ். ஆர். ரங்கநாதன். 1892-ல் சீர்காழியிற் பிறந்து, கணித ஆசிரியராய் விளங்கிய அவர், 1924-ல் சென்னை ஸர்வகலாசாலையின் நூலகராக அமர்ந்தார். சில தினங்களிலேயே வேலை சலித்து, கல்லூரிக்கே திரும்ப விரும்பினார். பின்னர் லண்டன் சென்று, அந்நாட்டின் நூல் நிலையங்கள் சாமானிய ஜனங்களுக்குப் புரியும் தொண்டினைக் கண்டார், மனம் மாறினார். 1925-ல் திரும்பியவர், 1945 வரை ஓய்வறியாது அப்பதவியில் உழைத்தார்.

1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளின் சாரம் எளியது: நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, நூலகர் அவற்றின் காவற்காரரும் அல்லர், வாசகரின் தொண்டர். அதே வருஷம் மன்னார்குடியில் ஸ்ரீ கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்.

தனி மனிதரின் தர்மம் மட்டும் போதாது, சட்டம் வேண்டுமென்று ரங்கநாதன் 1930 முதல் வற்புறுத்தி வந்தார். நாடு விடுதலை பெற்ற பின்னரே அது கைகூடிற்று. கல்வி மந்திரி ஸ்ரீ அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் 1948-ல் சென்னைப் பொது நூல் நிலையச் சட்டம் நிறைவேறியது. வீட்டு வரியில் ரூபாய்க்கு ஆறு பை வீதம் நூலக வரி விதிக்கப்பட்டது. 1950 ஏப்ரலில் சட்டம் அமலுக்கு வந்தபோது மந்திரிசபைக்குத் தலைமை வகித்தவர், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அண்டையிலுள்ள ராஜபாளையத்தின் புதல்வர் ஸ்ரீ குமாரசாமி ராஜா. தமது சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்திற்கு ஈந்த உத்தமர் அவர்!

ரங்கநாதன் 1972-ல் மறைந்தார். அவர் வேண்டிய வரியை நாம் இன்றும் செலுத்துகிறோம். வரி கொடுத்தும் நூல் நிலையத்தின் படியேறாதவன், கூலி கொடுத்து வெட்டிய கிணற்றருகே தாகத்தோடு நிற்பவனே. இரண்டு ஊர்களின் வாலிபர்களுக்கும் நாம் கூறுவது இதுவே: உள்ளே செல்லுங்கள்; வேண்டிய நூலைக் கேளுங்கள்; இல்லையெனில், ஏன் இல்லை என்றும் கேளுங்கள். அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.