கொரிய பாஷைக்கு நேர்வழி

அமராவதி நகரில் அணைக்கட்டின் அருகே வளரும் சிறுவனுக்கும், திருப்பூரில் பனியன் தைக்கும் வாலிபனுக்கும் கொரியா இன்று எட்டாத தேசமன்று. இருங்காட்டுக்கோட்டையிலுள்ள கொரிய மோட்டார்த் தொழிற்சாலை 1998 முதல் வண்டிகளை உற்பத்தி செய்து வருகிறது. இடைநிலைக் கல்வியில் கற்பிக்கத்தக்க அன்னிய பாஷைகளுள் கொரியத்தையும் 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பெயர் சொல்லிச் சேர்த்தது. ஆயினும், "இங்கிலீஷே சரியாக வராதவனுக்குக் கொரியம் எங்ஙனம் வரும்?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. இக்கேள்வியே பிழையென்பது நமது அபிப்பிராயம். தமிழனுக்குக் கொரியத்தின் நேர்வழி தமிழேயாகும்.

முதலில் வாக்கிய அமைப்பை நோக்குவோம். 'நாநுன் ஹக்கியோஎ கயோ' என்றால் 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்று பொருள். 'ஹக்கியோ' பள்ளி, அதன் பின் நிற்கும் 'எ' நமது 'கு' உருபு, 'கயோ' பயனிலை. வரிசை இம்மியும் மாறவில்லை. இங்கிலீஷ் வழியாகக் கற்பவனோ வாக்கியத்தை ஒருமுறை தலைகீழாக்கி, மறுபடியும் நிமிர்த்த வேண்டியவனாகிறான். நான், நீ, அவன் யாவர்க்கும் 'கயோ' ஒன்றே என்பதால் விகுதித் தொல்லையும் இல்லை. பெரியோரிடம் 'கஸேயோ' என்பர். நாம் 'போங்கள்' என்பது போல.

உச்சரிப்பிலும் தமிழ் துணை செய்கிறது. 'பாம்பு' என்ற சொல்லில் பகரம் ஒன்றே இருவகையாய் ஒலிப்பதை நாம் அறிவோம். கொரிய எழுத்தும் அவ்வாறே சொல் முதலில் வன்மையாகவும், உயிர்களுக்கிடையே மென்மையாகவும் ஒலிக்கிறது. நமது குற்றியலுகரத்தை ஒத்த உயிரொன்றும் அங்குண்டு. நம் கிராமவாசி 'பஸ்ஸு' என்பது போலக் கொரியரும் 'பொஸு' என்கின்றனர்.

கடினமும் இல்லாமலில்லை. 'புல்' என்பதை இயல்பாய்ச் சொன்னால் அங்கே நெருப்பு. மூச்சைத் தள்ளிச் சொன்னால் புல். தொண்டையை இறுக்கிச் சொன்னால் கொம்பு! வாய்க்கு எதிரே காகிதத் துண்டொன்றைப் பிடித்துப் பழகுக. இரண்டாவதற்கு அது நன்கு அசைய வேண்டும். மூன்றாவது, 'அப்பா' என்பதன் நடுவிலுள்ள அழுத்தத்தைச் சொல் முதலிலேயே கொணர்வது போன்றது. இதற்கு நல்ல உபாத்தியாயரும் கூர்ந்த செவியும் அவசியம்.

இவ்வொற்றுமைகளைக் கண்டு இரு பாஷைகளும் ஒரு தாய் மக்களென்று கொண்டாடப் புறப்படுதல் வேண்டாம். ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-ல் கொரியத்தையும் திராவிட பாஷைகளையும் ஒப்பிட்டு நூலெழுதினார். அவ்வுறவைப் பெரும்பாலான பாஷா சாஸ்திரிகள் இன்று ஏற்பதில்லை. உறவு இல்லாவிடினும் உதவி உண்டு. நமக்கு அது போதும்.

சீன எழுத்தைக் கற்க இயலாத சாமானிய ஜனங்களுக்காகவே ஸேஜோங் மன்னர் 1443-ல் கொரிய எழுத்தை ஆக்கி, 1446-ல் வெளியிட்டார். 1910 முதல் 1945 வரை நடந்த ஜப்பானிய ஆட்சி, பிற்காலத்தில் அப்பாஷையைப் பள்ளிகளினின்றும் அகற்றியது. ஜனங்கள் அதைக் கைவிடவில்லை. ஏழைகளுக்காகப் பிறந்த எழுத்தை, இங்கிலீஷ் அறிந்தோர்க்கு மட்டும் திறக்கும் கதவாக நாம் ஆக்கலாமா? தமிழிலேயே கொரிய இலக்கணமும் பாட புஸ்தகங்களும் பெருக வேண்டும். அவை அமராவதி நகர்ச் சிறுவன் கைக்கும் எட்ட வேண்டும். அறிஞர்களும் சர்க்காரும் இதில் கருத்தைச் செலுத்துவார்களாக.