வெளியே போன பந்து

கால்பந்து ஆட்டம் பலருக்கும் பிடித்த ஆட்டம். கொல்கத்தா, கோவா, கேரளம், மணிப்பூர் போன்ற இடங்களில் மக்கள் இதை உயிராக நினைக்கிறார்கள்.

ஆட்டத்தில் பந்து அடிக்கடி பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போகும். அப்போது ஒருவர் பந்தைக் கையால் எடுத்து உள்ளே எறிவார். இதற்குத் 'த்ரோ-இன்' என்று பெயர்.

"பந்தை எடு, உள்ளே போடு. இதில் என்ன இருக்கிறது?" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கவனம் இல்லாமல் எறிந்தால் கைக்கு வந்த பந்து எதிரணிக்குப் போய்விடும்.

எறியும் முறை

பந்து கடைசியாக யார் மேல் பட்டு வெளியே போனது என்று நடுவர் பார்ப்பார். அவருடைய எதிரணிக்குத்தான் எறியும் உரிமை.

எறிபவர் மைதானத்தைப் பார்த்து நிற்க வேண்டும். இரண்டு கால்களும் தரையில் பட்டிருக்க வேண்டும். கால்கள் கோட்டின் மேல் இருக்கலாம். கோட்டுக்கு வெளியிலும் இருக்கலாம். பந்தை இரண்டு கைகளாலும் பிடித்து, தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக எறிய வேண்டும். தவறாக எறிந்தால் அந்த வாய்ப்பு எதிரணிக்குப் போகும்.

எதிரணியினர் 2 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். எறிந்த பந்து நேராகக் கோலுக்குள் போனால் அது கோல் ஆகாது.

இதில் ஒரு சலுகையும் உண்டு. த்ரோ-இன் பந்தை நேராக வாங்குபவருக்கு ஆஃப்சைடு கிடையாது. அதனால் ஒருவர் எதிரணிக் கோலுக்கு அருகில் துணிந்து நிற்கலாம்.

பந்து ஏன் பறிபோகிறது?

ஒரு அணியில் 11 பேர். எறிபவர் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே இருப்பது 10 பேர். எதிரணியிலோ 11 பேரும் உள்ளே இருக்கிறார்கள். அவர்கள் ஆளுக்கு ஒருவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எறியும் அணியினரும் நின்ற இடத்திலேயே நின்றால், பந்தை வாங்க ஆள் இருக்காது.

இதற்கு வழி என்ன? பந்து இல்லாதவர்கள் ஓட வேண்டும். ஒருவர் எறிபவரை நோக்கி ஓடி வருகிறார். அவரைக் காவல் காப்பவரும் பின்னால் வருகிறார். அங்கே இடம் காலியாகிறது. இன்னொருவர் அந்த இடத்துக்கு ஓடுகிறார். பந்து அவருக்குப் போக வேண்டும்.

எறிந்தவரும் உடனே உள்ளே வர வேண்டும். இன்னொருவர் தொட்ட பிறகுதான் அவர் பந்தைத் தொடலாம். பல நேரம் அவரை யாரும் கவனிப்பதில்லை. அவரிடமே பந்தைத் திருப்பித் தரலாம்.

ஒரு பயிற்சியாளரின் கதை

இங்கிலாந்தில் லிவர்பூல் என்று ஒரு பெரிய அணி இருக்கிறது. 2017-18 பருவத்தில் அந்த அணிக்கு ஒரு குறை இருந்தது. எதிரணி நெருக்கும்போது எறிந்த பந்துகளில் பாதிகூட அதன் வசம் நிற்கவில்லை.

2018இல் அதன் பயிற்சியாளர் யுர்கன் குளோப், டென்மார்க் நாட்டின் தாமஸ் குரோனெமார்க்கை அழைத்தார். த்ரோ-இன் கற்றுத் தருவதற்கென்றே ஒரு பயிற்சியாளரா என்று சிலர் சிரித்தார்கள். அவர் மூன்று விஷயங்களைச் சொல்லித் தந்தார்: தூரமாக எறிவது, வேகமாக எறிவது, யோசித்து எறிவது. அடுத்த பருவத்தில், நெருக்கடியில் எறிந்த பந்துகளில் மூன்றில் இரண்டு பங்கு அணியிடமே நின்றது. 2019இல் லிவர்பூல் ஐரோப்பிய சாம்பியன் ஆனது. அதற்குக் காரணங்கள் பல. இந்தப் பயிற்சியும் அதில் ஒன்று.

ஊர் அணிக்கும் இது முடியும்

இதற்குப் பணம் தேவையில்லை. ஒரு பந்தும் கொஞ்சம் இடமும் போதும்.

* பந்துக்கு அருகில் இருப்பவரே சீக்கிரம் எடுத்து எறிய வேண்டும்.
* வாங்குபவரின் காலுக்கு எறிய வேண்டும். முழங்கால் உயரத்தில் துள்ளும் பந்தை அடக்குவது கடினம்.
* குறைந்தது மூன்று பேர் மூன்று பக்கம் ஓடிப் பழக வேண்டும்.

பந்து இருப்பது ஒருவர் கையில். அதைக் காப்பாற்றுவது மற்றவர்களின் கால்கள்.